'அனார்க்கி' என்ற சொல் ஐரோப்பிய மொழிகளில் எப்படி வந்தது?

நூலகன் எழுதியது:

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தொழிலாளர் இயக்கங்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் 'அனார்க்கி' வந்து நிற்கிறது. வழக்கமாக 'அராஜகம்' என்று போட்டுவிட்டுப் போய்விடுவோம். ஆனால் இந்த மனிதர்கள் தங்களுக்குத் தாங்களே அந்தப் பெயரை வைத்துக்கொண்டவர்கள். 'நான் ஓர் அராஜகவாதி' என்று ஒருவர் நிமிர்ந்து நின்று சொன்னதாக எழுதினால், படிக்கிறவர் மனதில் கடையை அடித்து நொறுக்கும் கூட்டம்தான் வரும்.

இங்கே மொழி தெரிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஐரோப்பிய மொழிகள் எல்லாமே கிரேக்கச் சொல்லை அப்படியே வாங்கிக்கொண்டனவா, அல்லது தம் வேர்களிலிருந்து கட்டிக்கொண்டவையும் உண்டா? 'குழப்பம்' என்ற பொருள் தொடக்கத்திலேயே இருந்ததா, பிற்பாடு ஒட்டிக்கொண்டதா? இரண்டாவது கேள்விக்குத்தான் எனக்கு அவசரமாகப் பதில் வேண்டும்.

கபிலவேணி எழுதியது:

அடிப்படையிலிருந்து வருகிறேன். கிரேக்கத்தில் 'அனார்க்கியா'. 'ஆர்க்கோஸ்' என்றால் தலைவன். முன்னால் வரும் 'அன்' இன்மையைச் சொல்வது. சமஸ்கிருதத்தில் உள்ள அதே முன்னொட்டுதான் இது, இரண்டுக்கும் மூதாதை ஒன்று. அதர்மம், அநாதி இரண்டையும் பாருங்கள். மெய்க்கு முன் 'அ', உயிருக்கு முன் 'அன்'. கிரேக்கத்திலும் இதே விதிதான்.

தொடக்கத்தில் இது பெரிய தத்துவச் சொல் ஒன்றும் இல்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் பிளாட்டேயா போரை (கி.மு. 479) எழுதும்போது, தளபதி விழுந்ததும் கட்டளையிட ஆளில்லாமல் நின்ற பாரசீகக் குதிரைப்படையின் நிலையைச் சொல்ல இந்தச் சொல் வருகிறது. தலைவன் இல்லை, அவ்வளவுதான்.

மேற்கே போன வழி அரிஸ்டாட்டில் வழி. அவருடைய 'அரசியல்' நூலை மோர்பெக்கே வில்லியம் 1260 வாக்கில் லத்தீனாக்கினார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நிக்கோல் ஒரேம் அதை மன்னர் ஐந்தாம் சார்லசுக்காகப் பிரெஞ்சில் பெயர்த்தபோது 'அனர்ஷி' பிரெஞ்சுக்குள் நுழைந்தது. ஆங்கிலத்துக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டில். ஆக, பெரும்பாலான மொழிகளுக்கு இது புத்தகச் சொல். சந்தையிலும் தெருவிலும் பிறந்த சொல் அல்ல.

தீப்பொறி எழுதியது:

அக்கா சொன்னதிலேயே நூலகனுக்குப் பதில் இருக்கிறது. தலைவன் இல்லாத நிலை, அதுதான் மூலப்பொருள். அதில் குழப்பம் எங்கே? தலைவன் இல்லாவிட்டால் எல்லாம் நாசம் என்று நம்பியவர்கள் பிற்பாடு ஏற்றிவைத்த பொருள் அது. 1840-ல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூதோன் 'சொத்து என்றால் என்ன?' நூலில் 'நான் ஓர் அனார்க்கிஸ்ட்' என்று எழுதினார். சொல்லை அதன் உண்மைப் பொருளுக்கு முதலில் மீட்டவர் அவர்தான்.

கபிலவேணி எழுதியது:

தீப்பொறி, 'பிற்பாடு' என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சோபோக்ளிஸின் 'அந்திகோனே' நாடகம் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு. அதில் மன்னன் கிரெயோன் மகனிடம் சொல்கிறான்: அனார்க்கியாவைவிடப் பெரிய தீங்கு எதுவும் இல்லை; நகரங்களை அழிப்பது அது, வீடுகளைக் குலைப்பது அது. பழி அப்போதே ஏறிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதைச் சொல்பவன் யார்? உத்தரவை மீறி அண்ணனுக்கு ஈமக்கடன் செய்த பெண்ணைத் தண்டிக்க நிற்கும் அரசன். எஸ்கிலஸின் 'தீப்ஸை எதிர்த்த எழுவர்' நாடகத்தின் முடிவில் அந்திகோனேயின் வாயிலேயே இந்தச் சொல் வருகிறது. நகரத்துக்கு அடங்காத இந்த அனார்க்கியாவைக் காட்ட எனக்கு வெட்கமில்லை என்கிறாள். (அந்த முடிவுப் பகுதி பின்னால் சேர்க்கப்பட்டது என்று கருதும் அறிஞர்கள் பலர். அப்படியே இருந்தாலும் அது பழங்காலக் கிரேக்கம்தான்.) ஆளுகிறவன் தீங்கு என்கிறான், மீறுகிறவள் வெட்கமில்லை என்கிறாள். ஒரே கதை, ஒரே சொல். புரூதோனுக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் முன்பே அதைத் தன்னுடையதாக ஏற்றவள் ஒரு பெண். இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு ஆதங்கம்.

சுதுமலையான் எழுதியது:

வேணி அக்கா சொன்னது நாடகம். உண்மையான வரலாற்றில் இந்தச் சொல் ஓர் ஆண்டுக்கே பெயராக இருந்திருக்கு. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நூலகனின் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல சான்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஏதென்ஸில் 'ஆர்க்கோன்' என்பது பதவிப் பெயர். ஒன்பது பேர் ஆண்டுதோறும் அந்தப் பதவிக்கு வருவார்கள். அதில் ஒருவரின் பெயராலேயே ஆண்டு குறிக்கப்படும். 'இன்னார் ஆர்க்கோனாக இருந்தபோது' என்றுதான் கல்வெட்டுகளும் தொடங்கும். நம்மூர்க் கல்வெட்டில் மன்னனின் ஆட்சியாண்டு வருகிற இடம் அது. ஆகவே ஏதென்ஸ்காரனின் காதில் 'அனார்க்கியா' என்று விழுந்தால், அதற்கு வெகு எளிமையான, அலுவலகப் பாங்கான ஒரு பொருளும் இருந்தது: இந்த ஆண்டுக்கு ஆர்க்கோன் இல்லை. சோலோன் சட்டம் இயற்றிப் போன பிறகு, உட்சண்டையால் ஆர்க்கோனைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போன ஆண்டுகள் இருந்தன. அவற்றை அப்படித்தான் குறித்து வைத்தார்கள்.

இப்போது கி.மு. 404-க்கு வாருங்கள். ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்றுவிட்டது. ஸ்பார்ட்டாவின் ஆதரவோடு முப்பது பேர் ஆட்சியைப் பிடித்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்களை 'முப்பது கொடுங்கோலர்' என்றே அழைத்தார்கள். ஆயிரத்தைந்நூறுக்குக் குறையாத ஆட்களைக் கொன்றார்கள் என்று அரிஸ்டாட்டில் பெயரில் உள்ள 'ஏதென்ஸ் அரசியலமைப்பு' நூல் சொல்கிறது. பணக்காரர்களின் சொத்துக்காகவே கொலை செய்தார்கள். அந்த ஆண்டுக்கு ஓர் ஆர்க்கோனும் இருந்தார், பித்தோதோரஸ் என்று பெயர். 403-ல் மக்களாட்சித் தலைவர் திராசிபுலசின் ஆட்கள் திரும்பி வந்து மக்களாட்சியை மீட்ட பிறகு, அந்தப் பெயரைச் சொல்ல ஏதென்ஸ் மறுத்துவிட்டது. சிலவராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதால் அவர் பெயரை எழுதாமல் அந்த ஆண்டை 'அனார்க்கியா' என்று குறிக்கிறார்கள் என்று செனபோன் எழுதி வைத்திருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்டில் இல்லாமல் போனது அதிகாரம் அல்ல. தெருவெல்லாம் அதிகாரம்தான், வீடு புகுந்து ஆளை இழுத்துப் போகிற அதிகாரம். முறையான அதிகாரம்தான் இல்லை. அதைத்தான் அந்த மக்கள் அனார்க்கியா என்றார்கள். ஆக, 'அரசே இல்லாத நிலை', 'குழப்பம்' என்ற இரண்டு பொருளுக்குள் இதை அடைத்துவிட்டால் பாதி வரலாறு போய்விடும். 'செல்லாத ஆட்சி' என்று மூன்றாவது ஒன்று இருக்கு. தீப்பொறியும் அக்காவும் இதை விட்டுவிட்டுக் கதைக்கக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

ரைன்கரை எழுதியது:

ஜெர்மன் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. இங்கே 'அனார்ஹீ' என்ற கடன்சொல்லும் உண்டு, சொந்தமாகக் கட்டிய 'ஹெர்ஷாஃப்ட்ஸ்லோசிக்கைட்' என்பதும் உண்டு. 'ஹெர்ஷாஃப்ட்' ஆளுகை, 'லோஸ்' இல்லாத. இரண்டாவதைக் கேட்டால் யாருக்கும் கலவரம் நினைவுக்கு வராது. கொள்கைக்காரர்கள் தங்கள் எண்ணத்தை விளக்கும்போது இந்தச் சொல்லைத்தான் எடுப்பார்கள். நாளிதழ்த் தலைப்புக்கு முதலாவது.

தீப்பொறிக்கு உதவக்கூடிய சான்று ஒன்றும் இருக்கிறது. இம்மானுவேல் காந்த் 1798-ல் வெளியிட்ட மானுடவியல் நூலில் அரசுகளை நான்காகப் பிரிக்கிறார். சட்டமும் சுதந்திரமும் இருந்து வலிமை இல்லாவிட்டால் அனார்ஹீ. சட்டமும் வலிமையும் இருந்து சுதந்திரம் இல்லாவிட்டால் கொடுங்கோன்மை. வெறும் வலிமை மட்டும் இருந்தால் காட்டுமிராண்டித்தனம். மூன்றும் இருந்தால் குடியரசு. கவனியுங்கள், காந்திடம் அனார்ஹீ என்பது சட்டம் உள்ள நிலை. கலவரத்துக்கு அவர் வேறு பெயர் வைத்துவிட்டார். இது புரூதோனுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பு. அதே காலத்தில் பிரான்சில் நிலைமை நேர் எதிர். 1793-ல் புரட்சிக்கால அரசியல்வாதி பிரிசோ தன் எதிரிகளை 'அனார்க்கிஸ்டுகள்' என்று வசைபாடினார். 1797-ல் அரசு ஊழியர்கள் 'மன்னராட்சியையும் அனார்க்கியையும் வெறுக்கிறேன்' என்று உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது.

விஸ்துலா எழுதியது:

போலந்தில் படிக்கிறேன், அதனால் இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. போலிஷ் மொழியில் கடன்சொல்லும் உண்டு, ஆனால் உள்ளூர்ச் சொற்கள் இரண்டின் கதை அதைவிடக் கனமானது.

முதலாவது 'பெஸ்க்ருலேவியே'. 'பெஸ்' என்றால் இல்லாமல், 'க்ருல்' என்றால் அரசன். அப்படியே பெயர்த்தால் அரசனின்மை, அதாவது நம் அராஜகம். ஆனால் அதில் குழப்பத்தின் வாடையே கிடையாது! போலந்தில் 1572-க்குப் பிறகு அரசர்களைப் பிரபுக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் இறந்து அடுத்தவர் வரும்வரை உள்ள இடைக்காலம்தான் பெஸ்க்ருலேவியே. அந்த மாதங்களில் க்னியெஸ்னோ பேராயர் பொறுப்பில் இருப்பார், அதற்கென்று தனி நீதிமன்றங்கள் கூடும். அரசன் இல்லை, ஆனால் ஒழுங்கு இருந்தது. சொல்லும் அப்படியே அமைதியாக இன்றுவரை இருக்கிறது.

இரண்டாவது 'நியெஜொந்த்'. 'ஜொந்த்' என்றால் ஆட்சி, 'நியெ' என்றால் அல்லாத. 'நியெஜொந்தால்தான் போலந்து நிற்கிறது' என்று பதினேழாம் நூற்றாண்டில் ஒரு வழக்கு இருந்தது. வலுவான மன்னன் வேண்டாம், கட்டுப்படாத பிரபுக்களின் சுதந்திரமே நாட்டைத் தாங்குகிறது என்று அதைப் பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு, வேதனையோடு சொன்னவர்களும் உண்டு. 1652-ல் ஒரே ஓர் உறுப்பினர் மறுப்புத் தெரிவித்ததால் நாடாளுமன்றக் கூட்டமே கலைந்தது. அதன் பிறகு அந்தத் தனிமனித மறுப்பு வழக்கமாகவே ஆகிவிட்டது.

1772-ல் ரஷ்யா, பிரஷியா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தை வெட்டிப் பங்கு போட்டுக்கொண்டபோது, ஒப்பந்தத்தின் முகப்பிலேயே காரணமாகக் காட்டியது என்ன தெரியுமா? போலந்தில் நிலவும் 'அனார்க்கி'. பக்கத்து நாட்டு வீட்டைப் பிடுங்க ஒரு சொல் போதுமானதாக இருந்தது. இங்கே வகுப்பில் அந்த வரியைப் படிக்கும்போது யாரும் அதை வெறும் அகராதிச் சொல்லாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்றைய போலிஷில் 'நியெஜொந்த்' என்றால் அரசியலே இல்லை. விபசாரம் என்று பொருள். ஒரு காலத்தில் நாட்டின் தாங்குதூண் என்று சொல்லப்பட்ட சொல், பின்னாளில் குற்றவியல் சட்டத்தின் சொல்லாகிவிட்டது.

கபிலவேணி எழுதியது:

தங்கச்சி, அருமை. 'ஆர்க்கோனின்மை'யை ஆண்டுக் கணக்கில் எழுதிய ஏதென்ஸும் 'அரசனின்மை'யை முறைப்படி நடத்திய போலந்தும் ஒன்றையே சொல்கின்றன: ஆள் இல்லாத நாற்காலிக்குப் பெயர் வேறு, அடிதடிக்குப் பெயர் வேறு என்று பிரித்து வைத்திருந்த சமூகங்கள் இருந்திருக்கின்றன.

பனிக்காடு எழுதியது:

ரஷ்ய மொழி பற்றி நான். 'அனார்ஹியா' என்ற கடன்சொல் இருக்கிறது. கூடவே 'பெஸ்விலாஸ்தியே', அதிகாரமின்மை. மூன்றாவதுதான் என்னை ஆண்டுக்கணக்கில் விடாமல் பிடித்து வைத்திருப்பது: 'பெஸ்நச்சாலியே'. 'நச்சாலோ' என்றால் தொடக்கம். அதே வேரிலிருந்து வருவது 'நச்சால்னிக்', அதாவது மேலதிகாரி. கிரேக்க 'ஆர்க்கே'யும் இப்படித்தான், தொடக்கம் என்றும் பொருள், ஆட்சி என்றும் பொருள். ரஷ்ய மொழி அந்த இரட்டைப் பொருளை அப்படியே தன் வேரில் வைத்துக்கொண்டிருக்கிறது.

இதனால் ஒரு விளைவு. கிழக்குத் திருச்சபையின் கிரேக்கத்தில் தந்தையாகிய கடவுளுக்கு ஓர் அடைமொழி உண்டு: 'அனார்க்கோஸ்', தொடக்கம் இல்லாதவர். நம் சைவ நூல்களில் இறைவனை 'அநாதி' என்கிறோமே, அதே கட்டுமானம். திருச்சபை ஸ்லாவோனிக் மொழி இதை 'பெஸ்நச்சால்னி' என்று பெயர்த்தது. நான்காம் நூற்றாண்டில் நாசியான்சுஸ் கிரிகோரி என்ற ஆயர் ஒரே உரையில் இரண்டையும் கையாள்கிறார். கடவுளைப் பற்றிப் பழைய கருத்துகள் மூன்று என்கிறார்: அனார்க்கியா, பலராட்சி, ஒருவராட்சி. முதலிரண்டும் ஒழுங்கின்மை என்று தள்ளிவிடுகிறார். அதே உரையில் தந்தையை 'அனார்க்கோஸ்' என்று போற்றுகிறார். ஒரு சொல் வசையாகவும் துதியாகவும் ஒரே வாயிலிருந்து வந்திருக்கிறது.

1905 புரட்சியின்போது பீட்டர்ஸ்பர்க்கில் ஓர் அனார்க்கிஸ்ட் குழு தனக்கு 'பெஸ்நச்சாலியே' என்றே பெயர் வைத்துக்கொண்டது. கோயில் வழிபாட்டில் அந்த வேரைக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு நடுவே அந்தப் பெயர் எப்படி ஒலித்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

நூலகன் எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. சின்ன மொழிகளில் யாருக்காவது தெரியுமா?

ரைன்கரை எழுதியது:

சுருக்கமாகத் தருகிறேன். ஐஸ்லாந்து மொழி கடன் வாங்குவதையே தவிர்க்கும் மொழி. அதில் 'ஸ்டியோர்ன்லேய்சி', அரசு இன்மை. ஹங்கேரியனில் கடன்சொல்லோடு 'ஃபெயெத்லென்ஷேக்' உண்டு, நேர்பொருள் தலையின்மை. அதில் பழிப்பு மட்டும்தான். வெல்ஷில் 'அன்லுவோட்ரைத்', ஆட்சியின்மை. ஐரிஷில் 'அன்ரீல்', விதியின்மை. அதன் பின்பாதி லத்தீன் 'ரெகுலா'வின் பேரன், முன்பாதி வேணி அக்கா சொன்ன அதே பழைய 'அன்'. கிரேக்கத்திலிருந்து வாங்காமலே கிரேக்கம் மாதிரி ஒலிக்கிறது.

எது இல்லை என்று ஒவ்வொரு மொழியும் சொல்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். ஐஸ்லாந்தில் அரசு, ஹங்கேரியில் தலை, அயர்லாந்தில் விதி.

தீப்பொறி எழுதியது:

ஸ்பானிஷை விட்டுவிட்டீர்கள். அங்கே 'அனார்க்கியா' தவிர 'அக்ராசியா' என்று இன்னொரு சொல்லையும் கிரேக்க வேர்களிலிருந்து கட்டினார்கள். 'கிராட்டோஸ்' என்றால் அதிகாரம், அது இல்லாதது அக்ராசியா. 1886-ல் பார்சிலோனாவில் அந்தப் பெயரிலேயே ஓர் இதழ் வந்தது. வசை ஒட்டாத சொல் வேண்டும் என்ற தேவை எவ்வளவு இருந்தது என்பதற்கு அது சாட்சி. இன்றும் ஸ்பானிஷில் 'ஆக்ராட்டா' என்றால் அனார்க்கிஸ்ட்.

வேணி அக்கா, கிரெயோன் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. பழி பழையதுதான். ஆனால் அது என்றும் ஆளுகிற பக்கத்திலிருந்து வந்த பழி என்பதை நீங்களே காட்டிவிட்டீர்கள். 1772 ஒப்பந்தமும் அதைத்தான் காட்டுகிறது.

புரூதோன் பற்றி இன்னும் கொஞ்சம். அவர் தொழிலால் அச்சுக்கோப்பவர், மெய்ப்புத் திருத்துபவர். பெசான்சோன் ஊர் அச்சகத்தில் எழுத்துக்களோடு வாழ்ந்த மனிதர். 1837-ல் மொழிகளின் வேர்கள் பற்றிய பழைய நூல் ஒன்றை மறுபதிப்புச் செய்தபோது, பொது இலக்கணம் பற்றித் தன் கட்டுரை ஒன்றையும் அதில் சேர்த்தார். அப்படிப்பட்டவர் தெரியாத்தனமாக ஒரு வசைச்சொல்லை எடுத்துத் தன் மேல் போட்டுக்கொள்ளவில்லை. சில இடங்களில் நடுவே கோடு போட்டு 'அன்-அர்ஷி' என்றே எழுதினார். பகுதி பகுதியாகப் படியுங்கள் என்று வாசகனுக்குச் சொல்வதற்காக.

அந்தக் கோடு பிறகு என்ன ஆயிற்று என்பதை ரஷ்ய அனார்க்கிஸ்ட் குரோபோட்கின் 'ஒழுங்கு' என்ற கட்டுரையில் சொல்லியிருக்கிறார். குழப்பத்தை விரும்புகிறவர்கள் என்று எதிரிகள் தூற்றியபோது, எங்கள் பொருள் வேறு என்று காட்டத் தோழர்கள் கோடு போட்டு எழுதினார்களாம். பிறகு, மெய்ப்புத் திருத்துபவருக்கு வீண் வேலையும் வாசகனுக்குக் கிரேக்கப் பாடமும் எதற்கு என்று கோட்டை எடுத்துவிட்டு, எதிரி கொடுத்த பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டார்களாம். அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. சொல்லைக் கழுவிச் சுத்தம் செய்துகொண்டே இருப்பதைவிட அதை உடுத்திக்கொண்டு வெளியே போவது மேல்.

சுதுமலையான் எழுதியது:

பிரெஞ்சில் இன்னொரு சொல்லும் புறப்பட்டது, 'லிபர்டேர்', அதாவது சுதந்திரத்தை வேண்டுபவர். 1857-ல் ஜோசப் தெஜாக் என்ற பிரெஞ்சு அனார்க்கிஸ்ட் புரூதோனுக்கு எழுதிய கடிதத்தில் முதலில் வருகிறது. பெண்களைப் பற்றிய புரூதோனின் பிற்போக்கு எண்ணங்களைக் கண்டித்து எழுதிய கடிதம் அது. நீர் அனார்க்கிஸ்டே தவிர லிபர்டேர் அல்ல என்கிறார். 1893, 94-ல் பிரான்ஸ் அனார்க்கிஸ்டுகளுக்கு எதிராகக் கடும் சட்டங்கள் போட்டபோது இந்தப் பெயர்தான் பலருக்குப் பாதுகாப்பாக இருந்தது. இதே சொல்லின் ஆங்கில வடிவம் பின்னாளில் அமெரிக்காவில் தனியார் சொத்தைப் போற்றும் அணியின் பெயராக ஆகிவிட்டது. நூலகன், அமெரிக்க நூல்களிலிருந்து குறிப்பெடுத்தால் இதில் கவனமாக இருங்கள்.

கபிலவேணி எழுதியது:

தமிழுக்கு ஒரு வார்த்தை. 'அராஜகம்' வால்மீகி இராமாயணத்தில் அரசனில்லாத நிலத்தைக் குறிப்பது. தசரதன் இறந்த பிறகு, அரசனில்லாத நாட்டில் என்னென்ன நடக்காது என்று அயோத்தியில் பெரியவர்கள் அடுக்கிச் சொல்லும் இடம் உண்டு. இன்று நம் செய்தித்தாள்களில் 'காவல்துறையின் அராஜகம்', 'ஆளுங்கட்சியின் அராஜகம்' என்றுதான் படிக்கிறோம். அரசனில்லாததால் வந்த தீங்கைச் சொன்ன சொல், இன்று அதிகாரத்தில் இருப்பவரின் அத்துமீறலைச் சொல்கிறது. பொருள் தலைகீழாகிவிட்டது என்று சிலர் வருந்துவார்கள். சுதுமலையான் எழுதிய கி.மு. 404-ஐப் படித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. செல்லாத அதிகாரத்தை ஏதென்ஸ் மக்கள் எப்படி அழைத்தார்களோ அப்படியே நம் மக்களும் அழைக்கிறார்கள்.

நூலகன் எழுதியது:

அக்கா, இந்தக் கடைசிப் பதிவு என் சிக்கலைத் தீர்த்துவிட்டது. கட்டுரையில் இப்படிச் செய்யப்போகிறேன். இயக்கத்துக்கும் அதில் இருந்தவர்களுக்கும் 'அனார்க்கிசம்', 'அனார்க்கிஸ்ட்' என்றே எழுதுகிறேன். அவர்களே தேர்ந்த பெயர் அது. கொள்கையை விளக்கும் இடங்களில் 'ஆளுகையின்மை'. பிரிசோ வசைபாடும்போதும் 1772 ஒப்பந்தத்திலும் 'அராஜகம்' என்று போடலாம், அந்த வாய்களில் அது வசைதானே. முப்பது கொடுங்கோலர் ஆண்டுக்கு மட்டும் 'ஆர்க்கோனில்லா ஆண்டு' என்று எழுதிவிட்டு, அடிக்குறிப்பில் அனார்க்கியா என்று சேர்க்கிறேன்.

புரூதோனின் நடுக்கோட்டைத் தமிழில் எப்படிக் காட்டுவது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. 'ஆளுகை-இன்மை' என்று பிரித்தால் புணர்ச்சிப் பிழை என்று மெய்ப்பு பார்ப்பவர் சேர்த்துவிடுவார்.

தீப்பொறி எழுதியது:

அந்த ஓர் இடத்தில் மட்டும் 'இப்படியே விடவும்' என்று ஓரத்தில் குறித்து அனுப்புங்கள் தோழர். மெய்ப்பு பார்ப்பவர் புரூதோனின் தொழில்காரர், காரணத்தையும் ஒரு வரி எழுதினால் விட்டுவிடுவார்.